முறுவலோடு சொல்ல வேண்டிய வரி

நிஷாந்தி அமெரிக்காவில் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. பஃபலோவில் உள்ள ஒரு கடைத்தொகுதிக்குச் சில தடவை போய் வந்ததோடு அந்த நாட்டைப் பற்றிய அவளது நேரடி அனுபவம் முடிந்துவிட்டது. ஆயினும் கனடாவின் மிசிசாகாவில், விமான நிலையத்துக்கு அருகே இருந்த அந்த அலுவலகத்தில், அமெரிக்கர் எந்த நாளில் எதைச் சமைப்பார்கள், எதைப் பார்த்து ஆரவாரிப்பார்கள், ஒருவரையொருவர் எவ்வாறு வாழ்த்துவார்கள் என்பவற்றில் அவளுடைய சொல்லே இறுதியானது. ஒகையோவிலிருந்து ஜோர்ஜியா வரை மெத்தை விற்கும் ஒரு கம்பனிக்காக அங்கே தொலைபேசி எடுப்பவர்கள், தாங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதான எண்ணம் வாடிக்கையாளருக்கு வராதபடி பேச வேண்டும். அதற்கு உச்சரிப்பு மட்டும் போதாது. பருவமும் தெரிந்திருக்க வேண்டும். பெப்ரவரியில் அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டம் பற்றி ஒரு சொல், யூலைத் தொடக்கத்தில் வாணவேடிக்கை பற்றி ஒரு சொல், நவம்பரில் வான்கோழி அடுப்பில் ஏறிவிட்டதா என்று ஒரு கேள்வி. இவற்றை எழுதிக் கொடுப்பதும், சொல்கிறார்களா என்று அழைப்புகளை ஒட்டுக்கேட்டுப் புள்ளி போடுவதும் நிஷாந்தியின் வேலை. தொலைபேசியில் அவள் பெயர் நீனா.

“அக்கா, நீங்க பேசாம அங்க போய் பிரசிடெண்ட் எலெக்ஷன்ல நின்னுடலாம்,” என்பான் பரணி. ஈரோட்டிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் இந்த வேலையில் சேர்ந்தவன். இன்னும் சோதனைக்காலம் முடியாதவன். தொலைபேசியில் அவன் பிரையன்.

“அதுக்கு அங்க பிறந்திருக்கோணும் தம்பி. உது கூடத் தெரியாம அமெரிக்கனோட கதைக்கிறீங்க. மார்க் வெட்டுறன் பாருங்க.”

“வெட்டுங்க, வெட்டுங்க. இனிமே வெட்ட அங்க என்ன இருக்கு?”

இப்படி ஒரு தோழமை அவர்களுக்குள் இருந்தது. அவன் அக்கா என்று அழைக்கும்போது அதில் அவன் ஈரோட்டுக்கும் அவளுடைய மட்டக்களப்புக்கும் இடையிலான கடல் காணாமல் போய்விடும்.

மே மாதத்தில் கனடாவின் விடுமுறையான விக்ரோரியா நாளும், போரின் முடிவில் மாண்டோரைத் தமிழர் நினைவேந்தும் பதினெட்டாம் திகதியும் அவ்வாண்டு ஒரே திங்கட்கிழமையில் வந்தன. அமெரிக்க நாட்காட்டியின்படி இயங்கும் அலுவலகம் அன்று திறந்திருந்தது. நிஷாந்தி விடுப்பெடுத்துத் தாயார் புஸ்பராணியை ஸ்காபரோவில் நடந்த கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். வன்னிக்கு லொறி ஓட்டப் போன அண்ணன் கீதன் திரும்பி வரவில்லை. அவன் இறந்த நாள் எது என்று குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. நாள் தெரியாத சாவுக்கும் ஒரு நாள் வேண்டியிருந்ததால், அந்தத் திகதியையே அவனுக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள். புஸ்பராணி கறுப்புச் சேலையில், சட்டமிட்ட படத்தை மடியில் வைத்தபடி, போர்க்காலப் பசியின் நினைவாகக் கடதாசிக் குவளையில் கொடுத்த உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கோட் அணிந்த ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்தான். யாரோ ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்துப் பெயரட்டை அவன் கழுத்தில் தொங்கியது. வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தவன், புஸ்பராணியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, முகம் நிறைந்த சிரிப்போடு, “ஹப்பி டமில் றிமெம்பரன்ஸ் டே, மாம்,” என்றான்.

நிஷாந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் வீட்டுச் சாவுக்கு வருகிறவர்களும் இப்படித்தான் வாழ்த்துவார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்துக் கேட்டாள். அந்த இளைஞனின் கழுத்திலிருந்து காது வரை சிவப்பு ஏறியது. மன்னியுங்கள், மன்னியுங்கள் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, அடுத்தவருக்குக் கை கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

“விடு புள்ள,” என்றார் தாயார். “அவன் நல்லதெண்டு நினைச்சுத்தானே சொன்னான்.”

“நல்லதோ? வாழ்த்துச் சொல்லுற இடமாம்மா இது?”

“பேசினது காணும். கஞ்சியக் குடி.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை மதிய உணவு வேளையில் நிஷாந்தி இதை ஒரு நாடகமாகவே நடித்துக் காட்டினாள். இரண்டு கைகளாலும் பரணியின் கையைப் பிடித்து, பற்களெல்லாம் தெரிய அந்த வாழ்த்தைச் சொன்னாள். உணவறை சிரிப்பால் அதிர்ந்தது.

“கேக்கும் கொண்டு வந்திருப்பான், நீர் கவனிக்கேல்லப் போல,” என்றார் மேலாளர் கிளிபோட். குருநகர்க்காரர், மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் ஒரு பங்கு போடாமல் இருக்க மாட்டார்.

“அடுத்த வருஷம் பலூன் கட்டுவாங்க அண்ணா,” என்று பரணி கண்ணைத் துடைத்தான்.

“எங்கட துக்கம் உவங்களுக்கு ஒரு லோங் வீக்கெண்ட். அவ்வளவுதான்,” என்று முடித்தாள் நிஷாந்தி. அந்த வசனம் தனக்கே பிடித்திருந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் அவள் வகுப்பு எடுத்தாள். வருகிற திங்கள் அமெரிக்காவின் மெமோரியல் டே. வாரம் முழுவதும் தள்ளுபடி விற்பனை, அழைப்புகள் குவியும். வெள்ளைப் பலகையில் அவள் அந்நாளின் பொருள்களை எழுதினாள்: கோடையின் தொடக்கம், ஏரிக்கரை, கரி அடுப்பில் சுட்ட இறைச்சி, கொடி, மெத்தை. விளம்பரங்களிலிருந்து திரட்டிய அறிவு அது. விளம்பரங்கள் சொன்ன அளவில் பிழையற்றது. போரில் இறந்த படைவீரர்களுக்கான நாள் அது; நினைவு என்பது அதன் பெயரிலேயே இருந்தது. ஆனால் நாள்தோறும் கடந்துபோகும் தெருவின் பெயருக்குப் பொருள் தேடுவார் இல்லாதது போல, அந்தப் பெயரையும் அவள் ஒலியாகவே அறிந்திருந்தாள். சென்ற ஆண்டு வரை அழைப்பின் முடிவில் நல்ல வார இறுதி அமையட்டும் என்று சொல்லி வந்தார்கள். அது உயிரில்லாத வரி என்று நீக்கிவிட்டு, அந்த இடத்தில் “ஹப்பி மெமோரியல் டே” என்று எழுதினாள்.

“கடைசி வரியைச் சொல்லேக்க முகத்தில சிரிப்பு இருக்கோணும்,” என்றாள். “ஆரும் பாக்கேல்ல எண்டு நினைக்காதேங்கோ. சிரிப்பு குரலில கேக்கும்.”

முந்தைய நாள் அந்த உணவறையில் சிரித்த அதே முகங்கள்தான் அவள் முன்னே இருந்தன. ஒருவர்கூட எதையும் கேட்கவில்லை. கிளிபோட் பலகையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கேட்டிருக்க வேண்டியவள் பலகைக்கு முன்னால் எழுதுகோலோடு நின்றாள்.

பரணி அந்த வரியைச் சொல்லாமலே பல அழைப்புகளை முடித்தான். வெள்ளிக்கிழமை நிஷாந்தி அவனைக் கூப்பிட்டாள்.

“ஏன் தம்பி, கடைசி வரி தொண்டைக்குள்ள நிக்குதா?”

“மெத்தை கிழிஞ்சு போச்சுன்னு அவங்க அழுவாங்க, நான் கடைசியில ஹப்பின்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

“அழுதிட்டுப் போறவைக்குத்தான் சந்தோசமா ஒரு சொல்லு வேணும். திங்கக்கிழமை நானே கேப்பன். சொல்லாட்டி இந்த முறை பகிடியில்ல, உண்மையா வெட்டுவன்.”

“சரிங்க அக்கா.”

திங்கட்கிழமை காலை அவள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, காதொலிப்பானை மாட்டி, அவனுடைய அழைப்பில் இணைந்தாள். ஒகையோவிலிருந்து பேசியவர் மிசிஸ் கெல்லர் என்ற முதிய பெண். பிற்பகலில் வருவதாகச் சொன்ன மெத்தையைக் காலையிலேயே கொண்டுவந்து, வீட்டில் ஆளில்லாததால் வாசலில் மழையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. இந்த நாளில் காலையில் ஒவ்வோர் ஆண்டும் போரில் இறந்த மகனின் கல்லறைக்குப் போவது வழக்கம், அதனால்தான் பிற்பகல் என்று கேட்டிருந்தேன் என்று விளக்கினார். அதைக் கேட்டு வருந்துவதாகச் சொன்னான் பரணி. நிஷாந்தி திரையில் ‘அனுதாபம் தெரிவித்தார்’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டாள்.

நனைந்த மெத்தையை எடுத்துக்கொண்டு நாளை மாலை புதியதைத் தருவதற்கு அவன் ஒழுங்கு செய்தான். எந்த நேரம் வசதி என்று இருமுறை கேட்டான். இதற்கு மேல் ஒருவர் நன்றாகச் செய்ய முடியாது என்று நிஷாந்தி எண்ணினாள். எல்லாம் முடிந்தது. கடைசி வரிக்கு உரிய இடம் வந்தது.

பரணி தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். நிஷாந்தி தன் இரண்டு சுட்டுவிரல்களையும் வாயின் இரு ஓரங்களிலும் வைத்து, மேல்நோக்கி இழுத்துக் காட்டினாள்.

அவன் சிரித்தான். “ஹப்பி மெமோரியல் டே, மாம்,” என்றான்.

மறுமுனையில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “இதில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது, மகனே?” என்று அந்தப் பெண் கேட்டார். குரல் உயரவில்லை. உனக்கு மேலே உள்ளவரோடு நான் பேச வேண்டும் என்றார்.

காதொலிப்பானில் அது கேட்டபோதுதான் கல்லறை என்ற சொல் நிஷாந்தியின் செவியிலிருந்து உள்ளே இறங்கியது. மடியில் படத்தோடு இருந்த தாயாரும், கழுத்துச் சிவந்து நின்ற இளைஞனும் ஒருங்கே அவள் முன் வந்தார்கள். சற்று நேரம் அவர்களில் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முகம் சூடேறிக் காதுவரை எரிந்தது. அந்தச் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதை அவள் ஒரு வாரத்துக்கு முன்புதான் பார்த்திருந்தாள்.

அழைப்பு அவளுக்கு வந்தது. “நான் நீனா,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். மிசிஸ் கெல்லரிடம் மன்னிப்புக் கேட்டாள். அதன் பின், யாரும் கேளாமலே, நாக்குப் பழக்கத்தில், “அவர் புதியவர், நாங்கள் அவரோடு பேசுகிறோம்,” என்றாள்.

“அந்தப் பையனை நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்,” என்றார் மிசிஸ் கெல்லர். “அவன் அன்பாகத்தான் பேசினான். அதைச் சொல்ல அவனுக்கு மனமில்லை என்பது எனக்குக் கேட்டது. அதைச் சொல்லச் சொன்னது யார்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.”

நிஷாந்தி வாயைத் திறந்தாள். “விசாரிக்கிறேன், மாம்,” என்றாள்.

பேசி முடித்துக் காதொலிப்பானைக் கழற்றியபோது, ஸ்காபரோவில் அந்த இளைஞனிடம் இப்படி ஒரு கேள்வியைத் தான் கேட்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவனுக்கும் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கலாம். மகனின் கல்லறைக்குப் போய் வந்த ஒருத்திக்கு அது தோன்றியிருக்கிறது.

மேலுக்குப் போகும் அழைப்புகள் எல்லாம் அமெரிக்கக் கம்பனிக்கு அறிவிக்கப்படும். பிற்பகலில் கிளிபோட் அவளைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“அவங்கள் என்ன நடவடிக்கை எண்டு கேக்கிறாங்கள். ஒரு பேர் குடுக்கோணும். பொடியன்ர சோதனைக்காலம் இந்தக் கிழமையோட முடியுது. நீடிக்காம விட்டாக் காணும். சத்தமில்லாமப் போயிடும்.”

“பரணி நல்லா வேலை செய்யிறவன் அண்ணை.”

“ஆர் இல்லையெண்டது? வேற இடத்திலயும் நல்லாச் செய்வான். நீர் என்ன சொல்லுறீர்?”

நிஷாந்தி மேசையில் இருந்த கோப்பிக் குவளையைப் பார்த்தாள். “பாப்பம் அண்ணை,” என்றாள். அந்தச் சொல்லின் பொருள் இருவருக்கும் தெரியும்.

வேலை முடியும் நேரத்தில் பரணி மேலங்கியை மாட்டிக்கொண்டு அவளுடைய மேசைக்கு வந்தான். அவனுக்கு ஏதாவது சொல்லலாம் என்று அவள் நிமிர்ந்தாள்.

“நாளைக்கு நான் வரணுமா, மேடம்?”

“என்ன தம்பி, புதுசா மேடம்?”

“இல்ல மேடம். நீங்க அந்தம்மாகிட்ட பேசினப்ப நானும் லைன்லதான் இருந்தேன். ‘புதியவர்’னு சொன்னீங்க. புதுசுதான், தப்பில்ல.” அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அன்னைக்கு அந்தப் பையன் கதைய நீங்க சொன்னப்ப நானும்தான் சிரிச்சேன். பலூன்னு வேற சொன்னேன்.”

“நாளைக்கு வாங்க,” என்றாள் அவள்.

அவன் போன பிறகு கிளிபோட்டின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். “அந்த வரியை எழுதினது நான். சொல்ல வேணாமெண்டு நிண்டவனைச் சொல்ல வைச்சதும் நான்.”

கிளிபோட் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்குத் தெரியாதே? நானும்தானே பலகையைப் பாத்துத் தலையாட்டினனான். கதவைச் சாத்தும் முதல்ல. தலைமை ட்ரெய்னர் பதவிக்கு உம்மட பேரைத்தான் போட்டிருக்கிறன், விளங்குதே? இப்ப உதைக் கிளறினா அதுவும் போகும்.”

“போகட்டும். இதுக்கும் என்ர பேரையே குடுங்கோ.”

“விசர் வேலை பாக்காதையும், நிஷா.”

“அந்த விசர் வேலையை ஏற்கனவே பாத்திட்டன் அண்ணை.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பின்பு திரையைத் தம் பக்கம் திருப்பிப் பெயரை மாற்றினார். “பொடியன் நிக்கட்டும்,” என்றார். “உம்மட சங்கதி அவங்கட கையில.” தம்முடைய தலையாட்டலைப் பற்றி அவர் அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியில், நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. ஒரு நல்ல செயலைச் செய்தவளுக்கு வர வேண்டிய இலேசு அவளுக்கு வரவில்லை. செய்ய வேண்டியதை ஒருவன் மேடம் என்று அழைத்த பிறகே செய்திருந்தாள். அக்கா என்றே அழைத்திருந்தால் செய்திருப்பாளா என்பதற்கு அவளிடம் நேர்மையான பதில் இல்லை.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் இருந்த வீட்டில் புஸ்பராணி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். நிஷாந்தி மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாய் ஓரங்களில் விரல் வைத்துக் காட்டியதைச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தாள். அதையும் சொன்னாள். தாயார் கத்தியைக் கீழே வைத்தார்.

“அந்த மனுசிக்கிட்டச் சொல்லிட்டியா, நீதான் எண்டு?”

“கிளிபோட் அண்ணைக்கிட்டச் சொல்லிட்டன்.”

“நான் கிளிபோட்டக் கேக்கல்ல. மகனக் குடுத்தவ அவரில்லையே.”

“அது முடிஞ்ச கோல் அம்மா. திரும்ப எடுக்கிற வழக்கமில்ல.”

“அண்டைக்கு அந்தப் பொடியனுக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால பேசினாயே, அது வழக்கமா?” புஸ்பராணி தண்ணீர்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். “அந்த ஒகையோவில இப்ப எத்தின மணி?”

நாடு முழுவதன் நேரங்களையும் மனப்பாடமாக வைத்திருந்த நிஷாந்திக்கு இதற்குக் கணக்கே தேவைப்படவில்லை. “இஞ்ச எத்தினையோ அதான் அம்மா.”

“அப்ப அவவும் இப்ப ராச்சாப்பாட்டுக்குத்தான் அடுப்பு மூட்டுவா,” என்றார் தாயார். மரக்கறியைச் சட்டிக்குள் வழித்துப் போட்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில், மற்றவர்கள் வரத் தொடங்கியிருந்த வேளையில், நிஷாந்தி அந்த எண்ணை அழைத்தாள். திரையில் மிசிஸ் கெல்லரின் படுக்கை அளவும், வாசல் படிகளின் விவரமும், பழைய மெத்தையின் நிறமும் இருந்தன. மகனின் பெயர் எங்கும் இல்லை.

மெத்தை பற்றியா என்று மிசிஸ் கெல்லர் கேட்டார். அல்ல என்றாள் நிஷாந்தி. நேற்றுப் பேசிய நீனா நான்தான். என் உண்மையான பெயர் நிஷாந்தி. நீங்கள் கேட்டதற்கு விடை எனக்கு அப்போதே தெரியும். அந்த வரியை எழுதியவளும் நான், சொல்லத் தயங்கியவனைச் சொல்ல வைத்தவளும் நான். புதியவர் என்று அவன்மேல் போட்டதும் நான்.

மறுமுனை மௌனமாயிற்று. பேச்சில் விழும் இடைவெளியை ஒரு சொல்லாலாவது நிரப்ப வேண்டும் என்று அவள் பலருக்குக் கற்பித்திருக்கிறாள். அதை நிரப்பக்கூடிய சொற்கள் இருபது அவளுக்குத் தெரியும். ஒன்றையும் எடுக்கவில்லை. அங்கே ஒரு சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் பரணி வந்து அமர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காதொலிப்பானை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

“அந்தப் பையனின் வேலை போய்விட்டதா?” என்று மிசிஸ் கெல்லர் கடைசியில் கேட்டார்.

“இல்லை.”

“அது நல்லது.” மீண்டும் கடிகாரம். “நீ செய்தது நல்லதல்ல.”

“ஆம், மாம்.”

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தொலைபேசியை வைக்கவும் இல்லை. அழைப்பை முடிக்க வேண்டியவள் தான் என்று நிஷாந்திக்குத் தெரிந்தது. பலகை நிறைய எழுதிக் கொடுத்தவளுக்கு அப்போது சொல்வதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை.

“உங்கள் மகனின் பெயர் என்ன?” என்று கேட்டாள்.